ஃபுகாசி: ஐந்து டாலர் டிக்கெட்டில் பதினைந்து வருடம் ஓடிய பேண்ட்

பழைய கேசட் எழுதியது:

பெரிய லேபிளின் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தின்) தயவு இல்லாமல் ஒரு ராக் பேண்ட் எத்தனை வருடம் ஓட முடியும் என்று போன வாரம் இங்கே ஒரு கேள்வி வந்தது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் சொல்ல நினைத்த பெயருக்கு ஒரு வரி போதாது. அதனால் தனி இழை தொடங்குகிறேன். வாஷிங்டன் டிசியின் ஃபுகாசி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1980இல் இயன் மெக்கையும் நண்பர்களும் பள்ளிக்கூட வயது தாண்டும்போதே டிஸ்கார்ட் என்று ஒரு லேபிள் தொடங்கினார்கள் (இன்றைய அரட்டைச் செயலி அல்ல, இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனம்). தங்கள் பேண்டின் ஒரு சின்ன ரெக்கார்டை வெளியிடத்தான் அது. அடுத்து இயன் பாடிய பேண்டான மைனர் த்ரெட் 1983இல் கலைந்தது. அதற்குள் அமெரிக்க ஹார்ட்கோர் (பங்க் ராக்கின் அதிவேக வகை) உலகில் இயன் பெரிய பெயர் ஆகிவிட்டார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பழைய பாட்டையே பாடி ஊர் ஊராகப் போயிருக்கலாம். போகவில்லை. இன்னொரு பேண்டுக்கு எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜோ லாலியை பேஸ் கிடார் வாசிக்கச் சேர்த்துக்கொண்டு அடித்தளத்து அறையில் பல மாதம் பயிற்சி. டிரம்ஸுக்கு பிரெண்டன் கான்ட்டி வந்தார். 1987 செப்டம்பர் 3 அன்று வில்சன் சென்டரில் முதல் கச்சேரி. கான்ட்டியின் பழைய கூட்டாளி கீ பிச்சியோட்டோ பிறகு சேர்ந்தார், அதுவும் முதலில் பாடுவதற்கு மட்டும். அவர் கையில் கிடார் வந்தது பின்னால்தான்.

அன்றிலிருந்து 2002 வரை ஆள் மாறவே இல்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வாசித்திருக்கிறார்கள். மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். மேனேஜர் கிடையாது, புக்கிங் ஏஜென்ட் கிடையாது, ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. டிக்கெட் ஐந்து டாலர், எந்த வயதுக்காரரும் வரலாம். டீ-ஷர்ட் விற்கவில்லை. சிகரெட், மது விளம்பரம் போடும் பத்திரிகை என்றால் ரோலிங் ஸ்டோனாகவே இருந்தாலும் பேட்டி இல்லை.

இதையெல்லாம் எழுதுகிறவர்கள் துறவிகள், தியாகிகள் என்கிற தொனியில்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஐந்து டாலர் ஒரு தொழில்முறை. தங்களுக்குப் பிடித்த மாதிரி வேலை செய்ய அவர்கள் கண்டுபிடித்த வழி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

இரவுப்பறவை எழுதியது:

பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

---

தாளக்கட்டு எழுதியது:

இரவுப்பறவை, '13 சாங்ஸ்' கேளுங்கள். 1988, 1989இல் வந்த இரண்டு சின்ன ரெக்கார்டுகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு. முதல் பாட்டைத் தொடங்கும் அந்த பேஸைக் கேட்டதும் ஜோ லாலி யார் என்று புரிந்துவிடும். ஹார்ட்கோரிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஒரே வேகமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஜமைக்காவின் ரெகே, டப் இசை இரண்டும் இவர்களுக்குள் ஊறியிருக்கின்றன. பேஸும் டிரம்ஸும் இடம் விட்டு இடம் விட்டு நடக்கும், கிடார் அந்த இடைவெளியில் வந்து விழும்.

நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். என்னை இழுத்தது கான்ட்டி. அவர் டிரம்ஸ் பக்கத்தில் நிஜமான பெரிய மணி ஒன்று தொங்கும். சிம்பல் அடிக்க வேண்டிய இடத்தில் சில சமயம் அந்த மணியை அடிப்பார். மேடையில் பாட்டு வரிசை எழுதிய காகிதமும் இருக்காது. அடுத்த பாட்டு எது என்பதை இயனோ கீயோ கிடாரில் ஒரு சின்ன சீண்டல் போட்டுக் காட்டுவார்கள், மற்ற மூவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்பது, தொண்ணூறு பாட்டையும் எந்த நேரமும் விரல் நுனியில் வைத்திருந்தால்தான் இது நடக்கும். ஒரு டிரம்மராகச் சொல்கிறேன், இதற்கு வெறும் பயிற்சி போதாது. மற்ற மூவரின் மூச்சும் பழகியிருக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பழைய கேசட் அண்ணன் சொன்ன 'தொழில்முறை' என்பதை நான் என் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

1990இன் ஐந்து டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ பன்னிரண்டு டாலர். அப்போதும் அது மலிவு, இப்போதும் மலிவு. ஆனால் வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. உதாரணத்துக்கு, ஆயிரம் பேர் வந்தால் 5,000 டாலர். அதிலிருந்து ஹால் வாடகை, ஒலிபெருக்கி, பெட்ரோல், கூட வரும் ஓரிரு ஆட்களின் சம்பளம் போகும். மற்ற பேண்டுகளுக்கு இதற்கு மேல் மேனேஜருக்குப் பதினைந்து இருபது சதவீதம், ஏஜென்டுக்குப் பத்து சதவீதம், வக்கீல், பெரிய பஸ், ஹோட்டல் என்று நீளும். இவர்களுக்கு அந்தப் பட்டியலே கிடையாது. இயனே ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டு தேதி பேசுவார். வேனில் போய்த் தெரிந்தவர்கள் வீட்டில் தங்குவார்கள். மிஞ்சுவதை நாலாகப் பிரித்துக்கொள்வார்கள்.

மறுபக்கம் என்ன நடந்தது என்பதற்கு ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993இல் எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டும். பெரிய லேபிளோடு கால் மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்ட, நாலு பேர் உள்ள ஒரு கற்பனை பேண்ட். இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது. வரவு செலவை வரிவரியாகப் போட்டுக் கடைசியில் வருகிறார்: ஆளுக்கு 4,031 டாலர் சொச்சம். தெருமுனைக் கடையில் வேலை பார்த்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் மேலே, ராயல்டி (விற்பனையில் பேண்டுக்கு வரும் பங்கு) கணக்கில் பேண்ட் லேபிளுக்கு 14,000 டாலர் பாக்கி. அந்தப் பாக்கிதான் விஷயம். பாக்கி இருக்கும்வரை அடுத்த ஆல்பம் எப்போது, எப்படி என்பதை லேபிள்தான் சொல்லும்.

டிஸ்கார்டில் செலவு கழிந்த பிறகு லாபத்தை பேண்டும் லேபிளும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆல்பத்தின் பின்னட்டையிலேயே தபால் செலவு உட்பட விலை அச்சடித்திருப்பார்கள், கடைக்காரர் கூட்டி விற்றால் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் யோசிப்பார். இவர்கள் சொந்த வீட்டில் இருந்தார்கள்.

---

கிடாரன் எழுதியது:

எனக்கும் ஃபுகாசி உயிர். ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. சொந்த வீடு எப்படி வந்தது?

1987இல் ஃபுகாசி தொடங்கும்போதே இயன் கையில் ஏழு வயதான லேபிள் இருந்தது. மைனர் த்ரெட் கலைந்த பிறகும் அதன் ரெக்கார்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. லண்டனில் சதர்ன் ரெக்கார்ட்ஸ் வழியாக விநியோகம் இருந்தது. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் டிஸ்கார்ட் ஹவுஸ் இருந்தது, மேலே ஆபீஸ், கீழே பயிற்சி அறை. முதல் கச்சேரிக்கே ஆள் திரளும் அளவுக்குப் பெயர் இருந்தது. இதில் எதுவும் இல்லாத ஒரு பேண்டிடம் போய் "நீயும் ஐந்து டாலருக்கு வாசி" என்று சொல்வது நியாயமா?

அதே டிஸ்கார்டிலிருந்து ஜாபாக்ஸ், ஷடர் டு திங்க் என்ற இரண்டு பேண்டுகளும் பெரிய லேபிளுக்குப் போயின. ஜாபாக்ஸ் 1994இல் அட்லாண்டிக் என்ற பெரிய லேபிளில் வெளியிட்ட ஆல்பம் அவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பம். அதற்கு புரொடியூசர் டெட் நைஸ்லி, ஃபுகாசியோடு வேலை செய்த அதே ஆள். நல்ல ஸ்டுடியோவும் அவகாசமும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. 'விலை போய்விட்டார்கள்' என்று அவர்களை அப்போது திட்டினார்கள். திட்டியவர்களில் எத்தனை பேர் குளிர்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யாத வேனில் இரவு முழுக்க ஓட்டியிருப்பார்கள்?

---

பழைய கேசட் எழுதியது:

கிடாரன், ஜாபாக்ஸைத் திட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. டிஸ்கார்டும் அவர்களை ஒதுக்கவில்லை. 2009இல் அதே ஆல்பம் மறுவெளியீடு கண்டபோது ஜாபாக்ஸின் சொந்த லேபிளோடு டிஸ்கார்டின் பெயரும் சேர்ந்தே வந்தது. ஆனால் 1994இல் பெரிய லேபிளில் ஆல்பம் வெளியிட்டவர்கள் 1997இல் கலைந்துவிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்னாலேயே இருந்த லேபிளும் பெயரும் உதவின, உண்மைதான். அதைப் பரம்பரைச் சொத்து மாதிரி சொல்லாதீர்கள். பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் அட்டையை வெட்டி, மடித்து, பசை போட்டு ஒட்டி ரெக்கார்டு உறை செய்து கட்டியது அது.

கிடாரன் கேள்விக்குத் தொடர்பான இன்னொன்று. எல்லா வயதினருக்கும் அனுமதி என்பது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மது விற்கும் கிளப்புக்குள் சிறு வயதினரை விடமாட்டார்கள். இயன் பதினெட்டு வயதில் முதல் பேண்டோடு சான்ஃபிரான்சிஸ்கோ போனபோது அங்கே ஒரு கிளப்பில் சிறுவர்களின் கையில் பெரிய எக்ஸ் குறி போட்டு உள்ளே விட்டார்கள், மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக. ஊர் திரும்பியதும் அதையே வாஷிங்டனின் 9:30 கிளப்பிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். ஃபுகாசி காலத்தில் அது இன்னும் விரிந்தது. சர்ச் ஹால், சமூகக் கூடம், ஜிம் என்று தேடிப் போய் வாசித்தார்கள். 1988இல் பிலடெல்பியாவில் ஒரு ஜிம்மில் கீ பாஸ்கெட்பால் வளையத்துக்குள் காலைக் கோத்துத் தலைகீழாகத் தொங்கிப் பாடிய காட்சி ஜெம் கோஹனின் ஆவணப்படத்தில் இருக்கிறது. கிளப்பாக இருந்திருந்தால் அங்கே அந்த வளையமும் இருந்திருக்காது, கீழே நிற்கிற பதினைந்து வயதுப் பசங்களும் இருந்திருக்க மாட்டார்கள்.

---

மேரிலாண்ட் மீனா எழுதியது:

நான் வாஷிங்டன் பக்கம் குடிவந்தபோது ஃபுகாசி நின்று பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் அவர்கள் வாசித்த ஃபோர்ட் ரீனோ பூங்காவுக்குக் கோடையில் குழந்தைகளோடு போவதுண்டு. பள்ளிக்கூடத்தை ஒட்டிய புல்வெளி. மேட்டில் கோட்டை மாதிரி ஒரு தண்ணீர்க் கோபுரம். மேடை என்றால் தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த ஒரு தளம், அவ்வளவுதான். போர்வையை விரித்து உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். கட்டணம் இல்லை, மது இல்லை. இயன் படித்தது பக்கத்திலிருக்கும் அந்தப் பள்ளியில்தான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்த பேண்ட் இந்தப் புல்வெளியில் வந்து ஓசியில் வாசித்திருக்கிறது என்பது அங்கே உட்கார்ந்து பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

சொந்த ஊரில் பெரும்பாலும் அவர்கள் காசு சம்பாதிக்க வாசித்ததில்லை. இலவசக் கச்சேரி, அல்லது நிதி திரட்டும் கச்சேரி. இலவச மருத்துவமனைக்கு, வீடற்றவர்களுக்கு, இப்படி. பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்புதான் பலவற்றை ஏற்பாடு செய்தது. 1990 இறுதியில் லார்ட்டன் சிறைக்குள் போய் வாசித்தார்கள். 1991 ஜனவரி 12, வளைகுடாப் போர் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, வெள்ளை மாளிகைக்கு எதிரே லாஃபயெட் பூங்காவில் குளிரில் நின்று போருக்கு எதிராக வாசித்தார்கள். அதற்கு எந்த லேபிள் அதிகாரியிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய கேசட் சார் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பெண்ணாக ஒன்று சேர்த்துச் சொல்லட்டுமா? அந்தக் காலத்து ஹார்ட்கோர் கச்சேரிகளில் முன்வரிசை முழுக்க இடித்துத் தள்ளுகிற ஆண்கள். ஃபுகாசி பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, இடிக்கிறவரைப் பார்த்து மரியாதையாக "ஐயா, தயவுசெய்து நிறுத்துங்கள்" என்று மைக்கில் சொல்வார்கள். கேட்காவிட்டால் வெளியே அழைத்துப்போய் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கென்றே உறைக்குள் காசு போட்டுத் தயாராக வைத்திருப்பார்களாம். டிக்கெட் நாற்பது டாலராக இருந்தால் இவ்வளவு சுலபமாகத் திருப்பிக் கொடுத்திருக்க முடியுமா? முன்வரிசையில் பயமில்லாமல் ஒரு பெண் நிற்பதற்கு அந்த விலையும் ஒரு காரணம்.

---

கிடாரன் எழுதியது:

மீனா அக்கா, அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. அருமை. சிலர் மேடையிலிருந்து பாடம் நடத்துகிறார்கள் என்று முகம் சுளித்ததும் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. அடிபடுகிறவர் கண்முன்னே இருக்கும்போது பாட்டு காத்திருக்கலாம்.

---

தாளக்கட்டு எழுதியது:

இசைக்கு வருவோம். 'ரிபீட்டர்' (1990) கேட்காதவர்கள் உடனே கேளுங்கள். இரண்டு கிடாரும் சேர்ந்து வந்த முதல் முழு ஆல்பம். அடுத்து வந்த 'ஸ்டெடி டயட்' எனக்குக் கொஞ்சம் வறட்சி. 1993இன் 'இன் ஆன் தி கில் டேக்கர்' கதை இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம்.

1992இல் சிகாகோ போய் அல்பினியிடம் ஒன்றிரண்டு பாட்டு பதிவு செய்யலாம் என்று ஆரம்பித்து, உற்சாகத்தில் ஆல்பம் முழுவதையும் பதிவு செய்துவிட்டார்கள். ஸ்டுடியோவில் கேட்கும்போது எல்லோருக்கும் மகிழ்ச்சி. திரும்பி வரும் வழியில் வேனில் போட்டுக் கேட்டார்கள், சரியாக வரவில்லை. அல்பினிக்கும் அதே எண்ணம், அவரே அதைச் சொல்லி ஃபேக்ஸ் அனுப்பினார். அத்தனையையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஊரில் டான் சியென்டாராவின் இன்னர் இயர் ஸ்டுடியோவில் டெட் நைஸ்லியோடு முதலிலிருந்து பதிவு செய்தார்கள். அந்த ஆல்பம் அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலுக்குள்ளும் போனது.

முழு ஆல்பத்தைக் கைவிட்டும் யாரும் கடன்காரர் ஆகவில்லை, யார் மேலும் பழி இல்லை. லேபிள் காசில் பதிவு செய்திருந்தால் அந்தச் செலவு முழுக்க பேண்டின் கணக்கில் ஏறியிருக்கும், அல்லது "சரி, இதையே வெளியிடு" என்றிருப்பார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதே 1993தான் பெரிய சோதனையும் வந்தது. இரண்டு வருடம் முன்பு நிர்வானா என்ற ராக் பேண்ட் பெரும் புகழோடு வெடித்த பிறகு எல்லா லேபிளும் அடுத்த நிர்வானாவைத் தேடி அலைந்த நேரம். நியூயார்க்கில் ரோஸ்லேண்ட் பால்ரூம் கச்சேரி முடிந்ததும் அட்லாண்டிக்கின் நிறுவனர்களில் ஒருவரான அஹ்மெட் எர்டெகுனே மேடைக்குப் பின்னால் வந்து பேசினார் என்பது பிரபலமான சம்பவம். மறுத்துவிட்டார்கள். லொல்லாபலூசா இசை விழாவில் முதன்மை பேண்டாக அழைத்ததையும் டிக்கெட் விலை காரணமாக மறுத்தார்கள்.

டீ-ஷர்ட் விஷயத்தில் விற்காததே இன்னொருவருக்கு வியாபாரம் ஆனது. "இது ஃபுகாசி டீ-ஷர்ட் அல்ல" என்று அச்சடித்து யாரோ விற்றார்கள். வழக்குப் போடாமல், அதில் ஒரு பங்கை நற்பணிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

---

இரவுப்பறவை எழுதியது:

'13 சாங்ஸ்' கேட்டேன், அப்படியே 'ரிபீட்டர்' போய்விட்டேன். தாளக்கட்டு சொன்ன அந்த பேஸ் நிஜமாகவே ஆளைப் பிடிக்கிறது. ஒரு சந்தேகம். இவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேண்ட் ஏன் நின்றது? சண்டையா?

---

பழைய கேசட் எழுதியது:

சண்டை இல்லை. 1995இல் 'ரெட் மெடிசின்', 1998இல் 'எண்ட் ஹிட்ஸ்', 2001இல் 'தி ஆர்க்யூமென்ட்'. கடைசி ஆல்பம் பலருக்கும் எனக்கும் மிகச் சிறந்தது. ஒரே பேண்டின் ஏழெட்டு ரெக்கார்டுகளில் கடைசியே உச்சமாக இருப்பது அபூர்வம். அதில் செல்லோ வருகிறது, இரண்டாவது டிரம்மர் வருகிறார், குரல்கள் அடங்கி ஒலிக்கின்றன, ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தம் குறையவில்லை.

அதற்குள் நால்வரும் முப்பதுகளில், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். குடும்பம், குழந்தைகள், வயதான பெற்றோர். மாதக்கணக்கில் டூர் போக முடியவில்லை. ஒருவருக்கு முடியாவிட்டால் மாற்று ஆள் போட்டு ஓட்டுவது அவர்கள் வழக்கம் இல்லை. 2002 நவம்பர் 4, லண்டன் ஃபோரம் அரங்கம், அதுதான் கடைசிக் கச்சேரி. கலைந்துவிட்டோம் என்று இன்றுவரை அறிவிக்கவில்லை. காலவரையற்ற இடைவெளி என்கிறார்கள்.

இந்த நிறுத்தம்தான் நான் முதலில் சொன்னதற்கு முக்கியமான சான்று. பெரிய பேண்டுகள் பல நிற்க முடியாமல்தான் ஓடுகின்றன. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆல்பம் பாக்கி, டூரை நம்பிப் பத்து இருபது குடும்பம், அடைக்க வேண்டிய முன்பணம். ஃபுகாசிக்கு இதில் ஒன்றும் இல்லை. வீட்டில் தேவைப்பட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். பாட்டுகள் அவர்களிடமே இருக்கின்றன, ஆல்பங்கள் இன்றும் டிஸ்கார்டில் கிடைக்கின்றன. திரும்பச் சேர்ந்து வாசிக்கச் சொல்லி எவ்வளவு பெரிய தொகை வந்தாலும் அதை மறுக்க முடிகிறது என்றால், அந்தப் பணம் இல்லாமலே வாழப் பழகிய கணக்கு அவர்களுடையது.

---

கிடாரன் எழுதியது:

நிற்க முடிந்ததே வெற்றி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. அன்று ரெக்கார்டு விற்றது. டூரில் வந்த சில்லறையோடு அதுவும் சேர்ந்துதான் வயிறு நிரம்பியது. இன்று ஸ்ட்ரீமிங்கில் வருவது ஒன்றுமில்லை, டீ-ஷர்ட் விற்றுத்தான் பெட்ரோல் போடுகிறார்கள். ஃபுகாசியைக் காட்டி அவர்களைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

இன்னொன்று. லாலியும் கான்ட்டியும் இருக்கும் மெசதெடிக்ஸ் பேண்ட், சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸோடு சேர்ந்து 2024இல் ஆல்பம் வெளியிட்டது இம்பல்ஸ் லேபிளில். அது யூனிவர்சல் என்ற பெரிய நிறுவனத்தின் குடும்பத்து லேபிள். பெரிய லேபிள் வேண்டாம் என்பதை அவர்களே ஒரு மதக் கட்டளையாக வைத்திருக்கவில்லை.

---

பழைய கேசட் எழுதியது:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அதில் முரண்பாடும் தெரியவில்லை. ஜாஸ் வட்டத்தில் அந்த லேபிளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அந்த இசைக்கு அது சரியான இடம். இயனும் லாலியும் ஏமி ஃபரினாவோடு சேர்ந்த கோரிக்கி பேண்டின் ஆல்பம் 2020இல் டிஸ்கார்டில் வந்தது. கீ மற்றவர்களின் ஆல்பங்களைத் தயாரித்தார், பிளாண்ட் ரெட்ஹெட், கொஸிப் பேண்டுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஆளுக்கு ஒரு வழி.

இன்றைய பிள்ளைகள் டீ-ஷர்ட் விற்கட்டும். எந்தச் செலவு நமக்குத் தேவையே இல்லை என்று அவர்கள் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

---

தாளக்கட்டு எழுதியது:

இரவுப்பறவைக்கு ஒரு வேலை சொல்லிவிட்டுப் போகிறேன். அவர்களோடு போன சவுண்ட் ஆட்கள் பெரும்பாலான கச்சேரிகளை ஒலி கலக்கும் மிக்சர் கருவியிலிருந்தே பதிவு செய்து வைத்தார்கள், முதலில் கேசட், பிறகு டிஜிட்டல் டேப், பிறகு சிடி. எண்ணூறுக்கும் மேல் இருக்கின்றன. 2011 டிசம்பரிலிருந்து டிஸ்கார்ட் தளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஒரு கச்சேரிக்கு ஐந்து டாலர் என்று போட்டிருக்கும், ஆனால் ஒன்றிலிருந்து நூறு வரை நீங்களே விலை வைக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, அரங்கம், அன்றைய டிக்கெட் விலை, வந்த கூட்டம், எதிலிருந்து எடுத்தது என்ற விவரமெல்லாம் உண்டு. பின்னாட்களில் சில ஊர்களில் விலை ஒன்றிரண்டு டாலர் கூடியதையும் அங்கேயே பார்க்கலாம், மறைக்கவில்லை.

முதல் கச்சேரியையும் லண்டன் கடைசிக் கச்சேரியையும் எடுத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டுக்கு இடையில் வரும் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். அடுத்த பாட்டுக்கான கிடார் சீண்டலும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

---

இரவுப்பறவை எழுதியது:

லண்டன் கச்சேரிக்குப் பத்து டாலர் வைத்து வாங்கிவிட்டேன். கிடாரன், ஜாபாக்ஸுக்கு ஓர் இழை தொடங்குங்கள், அந்த 1994 ஆல்பத்தை அடுத்துக் கேட்கப் போகிறேன்.